பிரேகோ: பாட்டில் மேல் இருக்கும் சொல்லும் உள்ளே இருக்கும் சாஸும்

பேரங்காடியில் பாஸ்தா அடுக்கியிருக்கும் வரிசைக்குள் திரும்பினால், சிவப்பு சாஸ் பாட்டில்களில் முதலில் கண்ணில் படுவது பெரும்பாலும் பிரேகோதான். துணைப்பாடம் முடிந்து பசியோடு வரும் பிள்ளைக்கு அரை மணி நேரத்தில் ஏதாவது செய்து வைக்க வேண்டிய நாள்களில், சிங்கப்பூர்த் தமிழ் வீடுகளுக்கு அது கைகொடுக்கிறது. பாட்டிலை வருடக்கணக்காக வாங்குகிறோம், ஆனால் மேலே எழுதியிருக்கும் சொல்லுக்கு என்ன பொருள் என்று கேட்டால் "தக்காளி சாஸ்" என்றுதான் பலரும் சொல்கிறார்கள். தக்காளிக்கும் அந்தச் சொல்லுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. இத்தாலியில் காலையில் கடை திறந்ததிலிருந்து இரவு கடைசி வாடிக்கையாளர் போகும்வரை ஓயாமல் காதில் விழும் சொல் அது. சொல்லின் பொருளைப் பிடித்துக்கொண்டால் சாஸை எப்படிப் பயன்படுத்துவது என்பதும் விளங்கிவிடும் என்பதால் இந்த மதிப்பீட்டில் இரண்டையும் சேர்த்தே பார்க்கிறோம்.

சொல் இத்தாலியச் சொல், சரக்கு அமெரிக்கச் சரக்கு. சூப் டின்களுக்குப் பேர்போன கேம்பெல் நிறுவனம் 1981இல் அமெரிக்காவில் பிரேகோவை அறிமுகப்படுத்தியது. அப்போது அங்கே சந்தையைக் கையில் வைத்திருந்தது ராகு என்ற சாஸ். அதுவும் இத்தாலியச் சொல்தான், இறைச்சி சேர்த்து மெல்லக் கொதிக்கவைத்த குழம்பைக் குறிக்கும். ராகுவை முந்த முடியாமல் இருந்த கேம்பெல், 1980களில் ஹோவர்ட் மாஸ்கோவிட்ஸ் என்ற சுவை ஆய்வாளரை அழைத்தது. இனிப்பு, புளிப்பு, பூண்டு, கெட்டித்தன்மை எல்லாவற்றையும் கூட்டிக் குறைத்து 45 வகை சாஸ் செய்து, ஊர் ஊராகப் போய் மக்களுக்குக் கொடுத்துப் பார்த்தார் அவர். மக்களின் விருப்பம் மூன்று கூட்டமாகப் பிரிந்தது. சாதாரண சாஸ் ஒரு கூட்டத்துக்கு, காரசாரமானது இன்னொரு கூட்டத்துக்கு. மூன்றாவது கூட்டம் விரும்பிய, காய்த் துண்டுகள் பெரிதாகக் கிடக்கும் சாஸை அதுவரை யாருமே விற்கவில்லை. கேம்பெல் அதைச் செய்து விற்றது, அள்ளிக்கொண்டு போனார்கள். இன்று ஒரே பெயரில் பத்து வகை பாட்டில் வரிசையாக நிற்பதன் வேர் அந்த ஆய்வில் இருக்கிறது. ஆகவே "நல்ல சாஸ் எது" என்று கடையில் நின்று யோசிப்பதைவிட, "நம் வீட்டு நாக்கு எந்தக் கூட்டம்" என்று யோசிப்பதே சரி.

சொல்லுக்கு வருவோம். 'பிரெகாரே' என்பது வினை. அதற்குக் கடவுளிடம் வேண்டுவது என்றும் பொருள், மனிதரிடம் கேட்டுக்கொள்வது என்றும் பொருள். பிரேகோ என்றால் "நான் வேண்டுகிறேன்". தமிழ்க் காதுக்கு இது உடனே புரியும், ஏனென்றால் நம் 'வேண்டு'வும் அதே இரட்டை வேலையைத்தான் செய்கிறது. முருகனுக்கு வேண்டுதல் வைப்பதும் அதே வினை, "வரிசையில் நிற்குமாறு வேண்டுகிறோம்" என்ற அறிவிப்பும் அதே வினை. இத்தாலியத் தேவாலயத்தில் பாதிரியார் "பிரெகியாமோ" என்றால் "வேண்டுவோம்", அதாவது ஜெபம் தொடங்குகிறது. இரயில் நிலைய ஒலிபெருக்கியில் பயணிகள் 'பிரெகாத்தி' என்று வந்தால், கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள் என்று பொருள். சுவரில் "ஸி பிரேகா தி நொன் ஃபுமாரே" என்று எழுதியிருந்தால் "புகைபிடிக்க வேண்டாமெனக் கேட்டுக்கொள்கிறோம்".

ஆனால் நாள் முழுக்கக் காதில் விழும் பிரேகோவில் இந்த வேண்டுதல் தேய்ந்து, வெறும் கைநீட்டலாக மாறிவிட்டது. அதைச் சொல்பவர் தன் பக்கத்து வேலையை முடித்துவிட்டு "இனி உங்கள் பாடு, எடுத்துக்கொள்ளுங்கள்" என்று உங்களிடம் ஒப்படைக்கிறார். இந்த ஒரு கருத்தைப் பிடித்துக்கொண்டால் அகராதி தரும் ஏழெட்டுப் பொருளையும் மனப்பாடம் செய்ய வேண்டாம்.

ரோமிலோ மிலானிலோ ஒரு காப்பிக் கடைக்குள் நுழைவதாக வைத்துக்கொள்வோம். அங்கே அதற்குப் பெயர் 'பார்', காலையில் காப்பியும் ரொட்டியும் விற்கும் இடம். வாசலில் உங்களுக்கு முன்னால் வந்தவர் கதவைப் பிடித்துக்கொண்டு "பிரேகோ" என்கிறார்: நீங்க முன்னாடி போங்க. முகப்புக்குப் போகிறீர்கள். காப்பி போடுபவர் நிமிர்ந்து, குரலைச் சற்று உயர்த்தி "பிரேகோ?" என்கிறார்: சொல்லுங்க, என்ன வேணும்? தேக்காவில் துணிக்கடைக்காரர் "வாங்க, சொல்லுங்க" என்பாரே, அதே தொனி. நீங்கள் கேட்டது அவருக்குச் சரியாகக் காதில் விழவில்லை என்றால் இன்னொரு "பிரேகோ?" வரும். இது முதலாவதைவிடக் கூர்மையாக மேலே போய் முடியும்: என்னங்க, திரும்பச் சொல்லுங்க. கோப்பையை முகப்பில் வைக்கும்போது இறங்கும் குரலில் "பிரேகோ": இந்தாங்க. நீங்கள் "கிராட்ஸியே" என்று நன்றி சொல்கிறீர்கள். உடனே, பாதி திரும்பியபடியே, "பிரேகோ": இருக்கட்டும், பரவாயில்லை. உள்ளே காலி நாற்காலியைக் காட்டி "பிரேகோ, ஸி அக்கோமொதி" என்றால் "வாங்க, உட்காருங்க". மூன்று நிமிடத்தில் ஆறு பிரேகோ. ஒவ்வொன்றிலும் ஏதோ ஒன்று கைமாறுகிறது. முதலில் வழி, பிறகு பேச்சு முறை, பிறகு கோப்பை, கடைசியில் நாற்காலி.

இந்த ஊரில் வளர்ந்தவர்களுக்கு மலாயிலிருந்தும் ஒரு பிடி கிடைக்கும். "சீலாக்கான்" என்று கை காட்டி உள்ளே அழைப்பதும், "தெரிமா காசே" என்றதும் "சாமா சாமா" என்று பதில் சொல்வதும் நமக்குப் பழக்கம். அந்த இரண்டையும் ஒரே சொல்லில் போட்டால் ஏறத்தாழ பிரேகோ. ஆனால் உதவி கேட்கும் 'தோலோங்' இதில் சேராது. வெளிநாட்டவர் அதிகம் இடறி விழுவதும் இங்கேதான்.

அகராதியில் "பிரேகோ: தயவுசெய்து" என்று பார்த்துவிட்டுக் காப்பி கேட்கும்போது "உன் கஃபே, பிரேகோ" என்று சொல்லிவிடுகிறோம். கடைக்காரருக்குப் புரியும், ஆனால் வெளியூர்க்காரர் என்பது அந்த நொடியே தெரிந்துவிடும். கேட்பவர் சொல்ல வேண்டியது "பெர் ஃபவோரே". கொடுப்பவர் வாயில் வருவதுதான் பிரேகோ. ஜெர்மன் மொழி பேசுவோரும் இதே இடத்தில் தவறுகிறார்கள், அவர்களுடைய 'பிட்டே' கேட்பதற்கும் கொடுப்பதற்கும் பொது. நமக்குக் காரணம் வேறு. 'தயவுசெய்து' என்ற எழுத்துத் தமிழ்ச் சொல்லை ஆங்கிலத்தின் வழியாகப் படித்துவிட்டு, அதே கணக்கை இத்தாலியத்திலும் போடுகிறோம். பேச்சுத் தமிழில் காப்பிக் கடையில் யாரும் "தயவுசெய்து ஒரு காப்பி" என்று கேட்பதில்லை. "அண்ணே, ஒரு காப்பி" என்கிறோம், மரியாதை அழைப்பில் வந்துவிடுகிறது.

நன்றிக்குப் பதில் சொல்வதிலும் இதே சிக்கல். ஆங்கிலப் பதிலை அப்படியே பெயர்த்து "வரவேற்கிறேன்" என்று எழுதும் மொழிபெயர்ப்புக் கருவிகளைப் பார்க்கிறோம். வாசலில் நின்று விருந்தாளிக்குச் சொல்வதை நன்றி சொன்னவரிடம் சொன்னால் எப்படி இருக்கும்? தமிழில் அந்த இடத்துக்கு "பரவாயில்லை", "அதுக்கென்ன", "இருக்கட்டும்" என்று ஆளுக்கும் நேரத்துக்கும் தக்கபடி வரும், சில சமயம் தலையசைப்போடு முடிந்துவிடும். இத்தாலியத்திலும் பிரேகோ மட்டும்தான் என்றில்லை. நண்பர்களுக்குள் "தி நியென்தே", ஒன்றுமில்லை. சற்று நெருக்கமாக "ஃபிகூராதி", அட, இதுக்குப் போயா. மரியாதைக்குரியவரிடம் அதுவே "ஸி ஃபிகூரி". பிரேகோ எல்லோரிடமும் செல்லும், யாரிடம் சொன்னாலும் தவறாகாது. முதல் பயணம் போகிறவர் இதை மட்டும் வைத்துக்கொண்டால் போதும்.

இதோடு ஒரு சிறு எழுத்து சேர்ந்தால் சொல் மீண்டும் தன் பழைய கனத்தைப் பெற்றுவிடுகிறது. "தி பிரேகோ" என்றால் "உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்". மரியாதையாக "லா பிரேகோ", பலரிடம் "வி பிரேகோ". நம் நீ, நீங்கள் வேறுபாடு இங்கேயும் இருப்பதால் தமிழர்களுக்கு இது கடினமில்லை. ஆனால் காப்பி கேட்கும்போது "தி பிரேகோ" போட்டுவிடக் கூடாது. அது கையெடுத்துக் கும்பிட்டு, "உங்களைக் கும்பிடுறேன், ஒரு காப்பி குடுங்க" என்று கேட்பதுபோல் இருக்கும். பிரேகோவுக்கு மறுபடி பிரேகோ சொல்ல வேண்டியதும் இல்லை. ஒருவர் வழிவிட்டால் "கிராட்ஸியே" சொல்லிவிட்டு நடந்துவிட வேண்டும்.

உச்சரிப்பில் தமிழுக்கு ஒரு வசதி உண்டு. ஏகாரம் நீளமாக, வாயைச் சற்று அகலத் திறந்து வர வேண்டும், அழுத்தம் அங்கேதான். கடைசி ஒகரம் குறில். நம்மிடம் 'ஒ', 'ஓ' இரண்டும் இருந்தும், சொல்லின் முடிவில் குறில் ஒகரம் வருவது தமிழில் வழக்கமில்லாததால், இழுத்து "பிரேகோ...ஓ" என்று சொல்லிவிடுகிறோம். எழுதுவது பிரேகோ என்றே இருக்கட்டும், சொல்லும்போது 'ப்ரே' என்பதில் நின்று 'கொ'வைச் சுருக்கென்று விடுங்கள். 'ப்ரீகோ' என்று ஆங்கில நெடிலில் சொன்னால் இத்தாலியருக்குப் பிடிபடத் தாமதமாகும்.

இனி பாட்டில். ஒப்படைக்கும் சொல்லைப் பெயராக வைத்த சாஸை ஒப்படைக்கப்பட்ட பொருளாகவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் கணிப்பு. தக்காளியை வேகவைத்து, அரைத்து, புளிப்பைச் சரிசெய்து, நம் கையில் தருகிறார்கள். மீதி வேலை நம்முடையது. பாட்டிலைத் திறந்து வெந்த பாஸ்தாவின் மேல் அப்படியே ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு "இனிப்பாக இருக்கிறது, சவசவவென்று இருக்கிறது" என்று குறைப்படுவது, அரைத்த மாவை வாங்கிவந்து தோசைக்கல்லைச் சூடாக்காமல் ஊற்றுவது போன்றது.

வாங்கும்போது லேபிளில் மூன்று இடம் பாருங்கள். முதலாவது, பொருள் பட்டியலில் சர்க்கரை எத்தனையாவது இடத்தில் இருக்கிறது. எடை அதிகமானது முன்னால் வரும் என்பதால் வரிசையே அளவைச் சொல்லிவிடும். இரண்டாவது, சோடியம். ஒரு பரிமாறலுக்கு எவ்வளவு என்பதோடு, அந்தப் பரிமாறல் எத்தனை கிராம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 2,000 மில்லிகிராமுக்குள் சோடியம் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவு, அதாவது 5 கிராம் உப்பு. ஒரு தட்டு பாஸ்தாவில் அதில் எவ்வளவு கரைகிறது என்று கணக்குப் போட்டால், வேகவைக்கும் தண்ணீரில் எவ்வளவு உப்புப் போடுவது என்பது தானாகத் தெரியும். மூன்றாவது, சைவர்கள் கவனிக்க வேண்டிய பாலாடைக்கட்டி. இத்தாலியின் பர்மிஜானோ ரெஜ்ஜியானோவைக் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் உறைபொருளால்தான் செய்கிறார்கள், அது விதி. அதனால் தக்காளி சாஸ்தானே என்று நினைத்து எடுக்காமல், பாலாடைக்கட்டி சேர்த்த வகைகளில் சைவக் குறி இருக்கிறதா என்று பாருங்கள். வெங்காயம், பூண்டு ஒதுக்கும் விரத நாளுக்கு இந்த பாட்டில்களில் பெரும்பாலானவை சரிவரா. ஹலால் வேண்டுவோர் ஒவ்வொரு வகை பாட்டிலிலும் முத்திரையைத் தனித்தனியே பார்த்துக்கொள்வது நல்லது.

எந்த வகை? தமிழ்ச் சமையலுக்குச் சேர்மானம் குறைந்த சாதாரணத் தக்காளி வகைதான் மிகவும் இடம்கொடுக்கிறது. காளான் வகை அடுத்தது. வெள்ளை சாஸ் வகைகளில் நாம் செய்வதற்கு அதிகம் ஒன்றுமில்லை, சூடாக்கி மிளகு நுணுக்கிப் போட்டால் முடிந்தது. கார்பொனாரா என்ற பெயரில் கிரீம் சாஸை எதிர்பார்த்து வாங்கலாம், ரோமின் கார்பொனாராவை எதிர்பார்க்கக் கூடாது. அங்கே முட்டை, பெக்கொரினோ பாலாடைக்கட்டி, பன்றிக் கன்னத்து இறைச்சி, மிளகு மட்டும்தான், கிரீம் கிடையாது.

இரண்டு பேருக்கு அளவு சொல்கிறோம். இத்தாலியில் 1, 10, 100 என்று ஒரு கணக்கு உண்டு: 1 லிட்டர் தண்ணீர், 10 கிராம் உப்பு, 100 கிராம் காய்ந்த பாஸ்தா, ஒரு ஆளுக்கு. பாட்டில் சாஸில் ஏற்கெனவே உப்பு இருப்பதால் லிட்டருக்கு 6 அல்லது 7 கிராம் போதும். சாஸ் ஆளுக்கு 80 முதல் 100 கிராம். அதாவது 300 கிராம் பாட்டில் என்றால் மூன்று பேருக்கு. பாதி பேர் முழு பாட்டிலையும் இரண்டு தட்டில் கொட்டிவிடுகிறார்கள், இனிப்பு தூக்கலாகத் தெரிவதற்கு முதல் காரணம் அதுதான்.

தண்ணீர் கொதிக்கும்போதே பக்கத்து அடுப்பில் அகலமான வாணலியை வையுங்கள். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய், மெல்லியதாக நறுக்கிய மூன்று பல் பூண்டு, அரைத் தேக்கரண்டி நசுக்கிய சோம்பு, கிள்ளிய ஒரு காய்ந்த மிளகாய். எல்லாம் குளிர்ந்த எண்ணெயிலேயே சேர்ந்து, சிறுதீயில் மெல்லச் சூடாக வேண்டும். பூண்டின் ஓரம் வெளிர் பொன்னிறமானதும் அடுத்த வேலை, பழுப்பாகும்வரை விட்டால் கசப்பு சாஸ் முழுக்கப் பரவும், பிறகு எதைப் போட்டாலும் போகாது. சோம்பு நம் ஊர்ச் சேர்மானம் என்று தயங்க வேண்டாம், இத்தாலியிலும் தொத்திறைச்சியில் (சாசேஜ்) சோம்பு சேர்ப்பது பழைய வழக்கம். மிளகாய்த்தூள்தான் வேண்டுமென்றால் அடுப்பை அணைத்துவிட்டு எண்ணெயில் பத்து வினாடி புரட்டிய பிறகு சாஸை ஊற்றுங்கள். நேரே சாஸில் போட்டால் பச்சை வாடை நிற்கும், ஏனென்றால் அந்த வாடை எண்ணெயில்தான் போகும், தண்ணீரில் போகாது. கரம் மசாலா வேண்டாம். பட்டையும் கிராம்பும் சேர்ந்தால் இருக்கிற இனிப்பு இன்னும் தூக்கிக்கொள்ளும். நல்லெண்ணெயும் இங்கே சரிப்படாது, அதன் வாசம் தக்காளியை அமுக்கிவிடும்.

சாஸை ஊற்றி நான்கு, ஐந்து நிமிடம் சிறுதீயில் விடுங்கள். மூடி வைக்காதீர்கள். பாட்டில் வாடை ஆவியோடு போக வேண்டும். எண்ணெய் ஓரத்தில் கசியத் தொடங்கும், தக்காளித் தொக்கில் பார்ப்போமே, அதே அறிகுறி.

பாஸ்தாவை லேபிளில் சொன்ன நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்பே எடுத்துவிட வேண்டும். எடுப்பதற்கு முன் வெந்த தண்ணீரில் ஒரு கோப்பை தனியே வையுங்கள். பாஸ்தாவைக் குழாய்த் தண்ணீரில் அலசாதீர்கள், வேகும் தண்ணீரில் எண்ணெயும் ஊற்றாதீர்கள். இரண்டும் நம் வீடுகளில் பரவலான பழக்கம், இரண்டும் தவறு. மேலே ஒட்டியிருக்கும் மாவுச்சத்துதான் சாஸைப் பிடித்துவைக்கிறது. அலசினால் அது போய்விடும், எண்ணெய் பூசினால் சாஸ் வழுக்கிக் கீழே இறங்கும். தட்டின் அடியில் சிவப்புத் தண்ணீர் தேங்கி, மேலே வெளுத்த பாஸ்தா கிடப்பது இதனால்தான். வாணலியில் பாஸ்தாவைப் போட்டு, எடுத்துவைத்த தண்ணீரில் 50 மில்லி ஊற்றி, தீயைக் கூட்டி, ஒன்றரை நிமிடம் விடாமல் புரட்டுங்கள். கரண்டியால் வாணலி நடுவே ஒரு கோடு கிழியுங்கள். கோட்டுக்குள் தண்ணீர் ஓடி வந்து நிரப்பினால் இன்னும் அரை நிமிடம். கோடு ஒரு கணம் நின்று மெல்ல மூடினால் இறக்கிவிடலாம்.

இதற்குப் பிறகும் இனிப்பு உறுத்தினால் எலுமிச்சை பிழிய வேண்டாம். சாஸில் ஏற்கெனவே புளிப்பு இருக்கிறது, இன்னும் சேர்த்தால் மிட்டாய்போல் ஆகிவிடும். இனிப்பைக் குறைக்க ஒரே நேரான வழி, சர்க்கரை சேராத தக்காளியைக் கூட்டுவது. ஒரு பாட்டில் சாஸோடு 400 கிராம் டின் உரித்த தக்காளியைக் கையால் நசுக்கிச் சேர்த்துப் பதினைந்து நிமிடம் கொதிக்கவையுங்கள். சர்க்கரையும் சோடியமும் தட்டுக்குத் தட்டு குறையும், அளவு இரட்டிப்பாகும், ருசியும் தனி பாட்டிலைவிட மேல். இந்த ஒரு காரியத்துக்காகவே பிரேகோவை வாங்கி வைக்கலாம். உள்ளே இருக்கும் காய்ந்த வெங்காயமும் பூண்டும் மூலிகையும் டின் தக்காளிக்கு வேண்டிய தாளிப்பைத் தந்துவிடுகின்றன, டின் தக்காளி பாட்டிலுக்கு வேண்டிய பழச்சுவையைத் தந்துவிடுகிறது.

மூலிகை பற்றி ஒரு சொல். இத்தாலிய பேசிலுக்குப் பதில் பூசை மாடத்துத் துளசியைப் போடுபவர்கள் உண்டு. துளசியில் கிராம்பு வாசம், சாஸுக்கு ஒத்துவராது. ஆனால் ஒரிகானோவுக்கு மாற்று நம் அடுக்குமாடித் தாழ்வாரத்திலேயே, பூந்தொட்டியில் இருக்கிறது: கற்பூரவள்ளி. இரண்டுக்கும் வாசம் தருவது பெரும்பாலும் ஒரே எண்ணெய்ப்பொருள், கார்வக்ரால். நடுத்தர இலை ஒன்றைப் பொடியாக அரிந்து, சாஸ் கொதிக்கும் கடைசி இரண்டு நிமிடத்தில் போடுங்கள். இரண்டு இலை போட்டால் சளிக் கஷாயம் ஞாபகம் வரும். கறிவேப்பிலை இறாலோடு மட்டும் பொருந்துகிறது, வேறெதிலும் அதுவே தலைமை தாங்கிவிடுகிறது.

இறால் சேர்ப்பதானால் கடைசி மூன்று நிமிடத்தில் சேர்க்க வேண்டும். கொத்திய ஆட்டிறைச்சி என்றால் முறை தலைகீழ். வாணலியில் முதலில் இறைச்சியைப் போட்டு, அது விடும் தண்ணீர் முழுக்க வற்றி, அடியில் பிடித்துச் சிவந்த பிறகே சாஸ், அதற்கு மேல் அரைக் கோப்பை தண்ணீர், பிறகு இருபது நிமிடம். தண்ணீர் வற்றுவதற்கு முன் சாஸை ஊற்றினால் இறைச்சி அவிந்த வாடையோடு நிற்கும். டின் சார்டினில் ஏற்கெனவே தக்காளிக் குழம்பு இருக்கும், அதை வடித்துவிட்டு மீனை மட்டும் சேருங்கள்.

திறந்த பாட்டிலைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து, லேபிளில் சொன்ன நாளுக்குள் முடியுங்கள். பூஞ்சை பெரும்பாலும் மூடியின் உள்விளிம்பில்தான் முதலில் வரும். எச்சில் கரண்டியும் ஈரக் கரண்டியும் அதற்குக் காரணம். இரண்டு நாளில் தீராது என்று தெரிந்தால் அன்றைக்கே ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்துவிடலாம், நான்கு கட்டி ஒரு ஆளுக்குச் சரியாக இருக்கும். பிள்ளைகள் பள்ளிக்குக் கொண்டுபோகும் ரொட்டி ஆம்லெட்டுக்கு ஒரு கட்டி.

யாருக்கு இது ஏற்றது? வாரத்தில் ஒரு நாள் பாஸ்தா செய்யும் வீட்டுக்கு, டின் தக்காளியோடு சேர்த்துப் பயன்படுத்த, தாராளமாக. நிதானமாகச் சமைக்க நாற்பது நிமிடம் இருப்பவருக்கு இது தேவையே இல்லை. பூண்டும் எண்ணெயும் டின் தக்காளியும் உப்பும் போதும், இத்தாலியில் தினமும் செய்யும் சுகோ அதுதான். அடுப்பே பற்றவைக்காமல் மைக்ரோவேவில் சூடாக்கிச் சாப்பிட நினைப்பவருக்கு நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

காலி பாட்டிலைத் தூக்கிப் போட வேண்டாம், கண்ணாடி நல்ல கனம். உளுந்தோ கடுகோ போட்டு வைக்கலாம். ஆனால் ஊறுகாய்க்கு வைக்காதீர்கள். மூடியின் உள்ளே இருக்கும் மெத்தென்ற வளையம் பூண்டு வாசத்தை உறிஞ்சிக்கொள்ளும், வெந்நீரில் எத்தனை முறை கழுவினாலும் முழுக்கப் போவதில்லை. தவிர, உப்பும் புளிப்பும் தகர மூடியின் பூச்சை அரித்து, ஓரிரு மாதத்தில் துருப் பிடிக்கவைக்கும். மூடி திறக்க வரவில்லை என்றால் கத்தியால் நெம்பாமல், மூடியை மட்டும் வெந்நீரில் அரை நிமிடம் தலைகீழாக நிறுத்துங்கள். தகரம் கண்ணாடியைவிட அதிகமாக விரியும், ஒரு திருகலில் 'டப்' என்று காற்று உள்ளே போகும். புது பாட்டிலில் அந்த 'டப்' கேட்கவில்லை என்றாலோ, மூடியின் நடுவில் உள்ள குமிழ் முன்பே மேலே எழும்பியிருந்தாலோ, உள்ளே தொடாமல் ரசீதோடு கடைக்குத் திருப்பிக் கொண்டுபோய் மாற்றிக்கொள்ளுங்கள்.